ஒத்து

என் கண்ணை ஏமாற்ற முடியாது என்று எங்கள் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவளே நான்தான். பீன்யாவில் இரும்புத் தகட்டை வெட்டி வாஷர், கிளாம்ப் என்று செய்கிற பிரஸ் ஷாப்பில் பதினெட்டு வருஷமாகத் தரம் பார்க்கிறேன். ஒரு டப்பா பீஸைக் கவிழ்த்தால் எதில் பிசிறு இருக்கிறது, எது ஒரு மயிரிழை வளைந்திருக்கிறது என்று அளவுக் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். ஒரு தடவை புதிதாக வந்த இன்ஜினியர், என்னைச் சோதிக்கிறேன் பேர்வழி என்று நல்ல பீஸ்களுக்கு நடுவே ஒரு கெட்டதைக் கலந்து வைத்தார். அதைப் பொறுக்கி எடுத்து அவர் சட்டைப் பாக்கெட்டிலேயே போட்டேன். இந்தத் திமிரை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீணாவின் வேலையைப் பறித்தது இதுதான்.

வீணா நாலாம் நம்பர் பிரஸ்ஸின் ஆபரேட்டர். சிரா பக்கத்துப் பெண், முப்பது வயசு, கன்னடம்தான் பேச்சு. ஆறு வருஷம் கான்ட்ராக்டில் ஓட்டியவள். அந்த ஆகஸ்டில் பர்மனென்ட் ஆக்குகிறோம் என்று அவளிடம் காகிதமே கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதத்தைச் சாப்பாட்டுப் பையில் மடித்து வைத்திருந்து, வாரத்துக்கு ஒரு தடவையாவது எனக்கு எடுத்துக் காட்டுவாள். அதில் புதிதாக ஒரு வரியும் முளைத்திருக்காது என்று நான் கிண்டல் செய்வேன். அவளுக்குக் கவலையில்லை, மறுபடி மடித்து வைத்துக்கொள்வாள்.

மதியம் நானும் அவளும் ஒரே பெஞ்ச். அவள் டப்பாவில் முத்தே என்கிற ராகி உருண்டையும் கீரைச் சாறும், என் டப்பாவில் சோறு. நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பேன், எந்த வார்த்தை எந்த பாஷை என்று யோசித்துப் பேசியதே இல்லை. வீணா வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெஞ்சு முழுக்கப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வந்து, 'ஒத்து' என்றேன். எங்கள் வீட்டுப் பேச்சில் நகர்ந்து இடம் விடு என்று அர்த்தம். அவள் எதையோ தேடுகிற மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தாள். கன்னடத்தில் ஒத்து என்றால் அழுத்து. பட்டனை ஒத்து, ஹாரனை ஒத்து. சாப்பாட்டு நேரத்தில் எந்த பட்டனை அழுத்தச் சொல்கிறாள் இந்த அக்கா என்று அவளுக்குக் குழப்பம். விளங்கியதும் ரெண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பிறகு அவளுக்குப் பழகிப்போனது. ஒத்து என்று நான் சொன்னால் நகர்ந்து உட்காருவாள்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஞானசேகரன் அண்ணன், எங்கள் ஷாப்பின் செட்டர். பிரஸ்ஸுக்குள் அச்சை மாட்டி, தகடு ஒழுங்காக உட்காருகிறதா என்று பார்த்து, ஆபரேட்டரிடம் ஒப்படைப்பது அவர் வேலை. பிரேசர் டவுனில் வீடு. அவர் குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரே சர்ச். என் மகள் சோஃபியாவுக்கு ஞானத் தகப்பன் அவர்தான். என் வீட்டுக்காரர் இறந்தபோது என் சொந்த அண்ணன் மூன்றாம் நாளே ஊருக்குக் கிளம்பிப் போனார், இவர் நின்றார். இந்தக் கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவர். அவர் ஒன்றைச் சொன்னால் அதற்கு மேல் நான் விசாரித்தது கிடையாது.

ஜூலை மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை இருக்கும். நாலாம் நம்பரில் தகடு கோணலாக இறங்குகிறது என்று ஞானசேகரன் அண்ணன் வந்து அச்சைத் திருத்திக்கொண்டிருந்தார். வீணா பட்டனுக்கு முன்னால் நின்றாள். பிரஸ்ஸில் ரெண்டு பச்சை பட்டன் இருக்கும். ரெண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும், ஆபரேட்டர் கை உள்ளே போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. செட்டர் கைக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. அவர் கை உள்ளே இருந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும் என்று சுவரில் மூன்று பாஷையில் எழுதி ஒட்டியிருக்கிறது. எங்கள் ஷாப்பில் அதை யாரும் அணைத்து நான் பார்த்ததில்லை, மறுபடி போட்டு வேகம் பிடிக்க நேரமாகும்.

நான் என் மேஜையில் பீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் காதில் ரப்பர் அடைப்பான் வைத்திருப்போம், அப்படியும் பழகிய குரல் உள்ளே வந்துவிடும். ஞானசேகரன் அண்ணன் குரல் கேட்டது. 'ஒத்து.' ஒரே தடவை. அடுத்து பிரஸ் இறங்கிய சத்தம். அதற்கு அடுத்து அவரிடமிருந்து வந்தது வார்த்தை இல்லை.

இடது கையில் ரெண்டு விரல் போய்விட்டது. நடு விரலும் மோதிர விரலும். நாங்கள் ஓடிப் போய் அவரைத் தாங்கிப் பிடித்தபோதும் வீணா பட்டனிலிருந்து கையை எடுக்கவில்லை. நான்தான் அவள் கையைப் பிடித்து எடுத்துவிட்டேன். 'ஒத்து அந்த்ரு அக்கா, ஒத்து அந்த்ரு' என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒத்து என்று சொன்னார் அக்கா, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

ஆம், ஒத்து என்றுதான் சொன்னார். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவருக்கும் இல்லை. எந்த பாஷையில் சொன்னார் என்பதுதான் விவகாரம். கன்னடத்தில் சொல்லியிருந்தால், தன் கையை உள்ளே வைத்துக்கொண்டு அழுத்தச் சொன்னவர் அவர், தப்பு அவருடையது. தமிழில் சொல்லியிருந்தால், அவர் நகரச் சொல்லியிருக்கிறார். நகரச் சொன்னவரின் கைமேல் வீணா பிரஸ்ஸை இறக்கிவிட்டாள் என்று ஆகும். வழக்கமாக வீணாவிடம் அவர் கன்னடத்தில்தான் பேசுவார். ஆனால் அவசரத்தில் அவர் வாயில் தமிழ் வரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கேமராவில் வீணாவின் முதுகு மட்டும் பதிவாகியிருந்தது, சத்தம் பதிவாவதில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி யூனிஸ் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கட்டுப்போட்ட கை தலையணைமேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் ஞானசேகரன் அண்ணன் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, என்னாலும் தாங்க முடியவில்லை. அப்புறம் அவரே ஆரம்பித்தார்.

"தகடு ஒரு ஓரத்துல மாட்டிக்கிச்சு. அந்தப் பொண்ணு வெளிச்சத்த மறைச்சிக்கினு நின்னா. ஒத்துன்னேன், கையாலயும் இப்படிக் காட்டினேன்," என்று வலது கையின் புறங்கையால் கோழியை விரட்டுகிற மாதிரி ரெண்டு தடவை வீசிக் காட்டினார். "நீ பாத்துக்கினு தான இருந்த ஆஞ்சலா?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் அண்ணா என்றேன்.

அந்த நிமிஷம் வரைக்கும் என் ஞாபகத்தில் குரல் மட்டும்தான் இருந்தது. இதை இப்போது சொல்கிறேன், அன்றைக்கு எனக்கே தெரியாது. ஆட்டோவில் அல்சூர் வந்து இறங்குவதற்குள் அந்தக் கையும் ஞாபகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. வீட்டில் சோஃபியாவிடம் நடந்ததைச் சொன்னபோது நானும் புறங்கையை வீசிக் காட்டினேன். பஸ்ஸில் ஒருத்தி கேட்டாள், அவளுக்கும் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது. அவர் கிளவுஸின் நீல நிறம், மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, எல்லாம். என்னைச் சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தால் பைபிள்மேல் கை வைத்திருப்பேன்.

விசாரணை முதல் மாடியில் எச்.ஆர். ரூமில் நடந்தது. வெளியிலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாகக் கூப்பிட்டிருந்தார்கள். கூட எச்.ஆர். மேனேஜர் மௌரீன் மேடம். மெயினை அணைக்காத விஷயத்தை அவர்கள் கிளறவே இல்லை, அதைக் கிளறினால் கம்பெனி தலைமேல் வந்து விழும். சாட்சி என்று இருந்தது நான் ஒருத்திதான். ரெண்டு பாஷையும் தெரிந்தவள், பக்கத்தில் இருந்தவள், ஞானசேகரன் அண்ணனுக்கும் வேண்டியவள், வீணாவுக்கும் வேண்டியவள். இவளைவிட நியாயமான சாட்சி எங்கே கிடைக்கும் என்று மௌரீன் மேடமே சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

வீணா எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். அழுத்து என்று கன்னடத்தில்தான் சொன்னார், நான் என் காதால் கேட்டேன் என்று அவள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டாள். அதிகாரி என்னிடம், உங்கள் காதில் என்ன விழுந்தது என்றார். ஒத்து என்று கேட்டேன் என்றேன். எந்த பாஷை என்றார். தமிழ் என்றேன். அது எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரியும், ரெண்டிலும் ஒரே சத்தம்தானே என்றார். நியாயமான மனுஷர், என்னை யோசிக்க வைக்கத்தான் பார்த்தார். நான் யோசிக்கவில்லை.

"கையால நகரச் சொல்லி வீசினாரு சார். நான் கண்ணால பாத்தேன். பத்தாயிரம் பீஸ்ல ஒரு பிசிறு இருந்தா கண்டுபிடிக்கிற கண்ணு சார் இது."

மௌரீன் மேடம் சிரித்தார். அதிகாரி எழுதிக்கொண்டார். அப்புறம் கடைசியாக ஒன்று கேட்டார். ஒத்து என்றால் தமிழில் நகரு என்று அர்த்தம் என்பது இந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? தெரியாது என்று நான் சொல்லியிருந்தால்கூட வீணா தப்பித்திருப்பாள். ஆனால் நான் உண்மை பேசுகிறவள் இல்லையா. நன்றாகத் தெரியும் சார், ஆறு வருஷமாக மதியம் பெஞ்சில் நான் ஒத்து என்றால் நகர்ந்து இடம் விடுவாள் என்று சொன்னேன்.

வீணா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், கோபம் இல்லை. வலது கையைத் தூக்கித் தன் காதை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அதிகாரி அவளைக் கேட்டார். அவள், அக்கா பார்த்தார்கள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றாள்.

அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள். கேட்டில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனபோது நான் போய் அவள் தோளைத் தொட்டேன். அவள் தலையை ஆட்டினாள், போய்விட்டாள். எனக்கு வருத்தம்தான். அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. வேண்டியவள் என்று பார்க்காமல் உள்ளதைச் சொன்னேன் என்று. சர்ச்சில் யூனிஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்றார். கடவுள் பார்த்துக்கொண்டார் என்று பதில் சொன்னேன்.

ஞானசேகரன் அண்ணனுக்கு ஸ்டோரில் லேசான வேலை கொடுத்தார்கள். அவர் இடத்துக்கு அலெக்சாண்டர் என்று ஒரு செட்டர் வந்தார். அக்டோபரில் ஒரு நாள் அவர் நாலாம் நம்பரில் அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தேன், தொப்பிதான் தெரிந்தது. மறுபடி கூப்பிட்டார், நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே என்ன என்று கேட்டேன். கடைசியில் பிரஸ்ஸைச் சுற்றி வெளியே வந்து, எவ்வளவு நேரமாகக் கையை ஆட்டிக் கூப்பிடுகிறேன், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறீர்களே என்று சலித்துக்கொண்டார்.

அவரைத் திரும்பப் போய் அதே இடத்தில் நிற்கச் சொன்னேன். கையை ஆட்டச் சொன்னேன். வலது கை, இடது கை, மேலே, கீழே. பிரஸ்ஸின் இரும்புத் தூண் ஒரு ஆள் அகலம். என் மேஜையிலிருந்து பார்த்தால் அங்கே நிற்பவரின் தொப்பியும் ஒரு தோளும் தெரியும். கை தெரியாது. நான் நின்றேன், குனிந்தேன், நாற்காலியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துப் போட்டேன். தெரியவே தெரியாது. மேஜையை யாராவது நகர்த்தியிருப்பார்களோ என்று ஒரு ஆசை வந்தது. அதன்மேல் இருக்கிற அளவு பார்க்கும் கருங்கல் பலகையை நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. நான் சேர்ந்த நாளிலிருந்து அது அங்கேயேதான் இருக்கிறது.

அன்று மிச்ச நேரம் ஒரு பீஸைக்கூடப் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கை வருகிறது, நீலக் கிளவுஸோடு, கறுப்புக் கயிறோடு, இப்போதும் அவ்வளவு தெளிவாக. நான் பார்க்கவே முடியாத ஒன்று. கிளவுஸ் போட்டிருந்தால் மணிக்கட்டுக் கயிறு எப்படித் தெரியும் என்று அப்போதுதான் உறைத்தது. கயிற்றை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். எனக்கு என் கண்மேலேயே ஆத்திரம் வந்தது. கூட வேலை செய்கிறவர்கள் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக பிரேசர் டவுனுக்குப் போனேன். யூனிஸ் அக்கா டீ போட உள்ளே போனார். நான் தூண் விஷயத்தைச் சொன்னேன். முதலில் ஞானசேகரன் அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு, நீ எழுந்து நின்றிருப்பாய் என்றார். எழுந்து நின்றும் பார்த்துவிட்டேன் என்றேன். நடந்து வந்திருப்பாய் என்றார்.

"அண்ணா, நீங்க எந்த பாஷையில சொன்னீங்க?"

அவர் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "கன்னடத்துலதான்," என்றார்.

இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. மறுத்தால் சண்டை போட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"கை வெளிய வந்துடுச்சுன்னுதான் நெனச்சேன் ஆஞ்சலா. சத்தியமா. வெரலு தகட்ட விட்டு வந்த மாதிரியே இருந்துச்சு. இப்பகூட அந்த ரெண்டு வெரலும் இருக்கற மாதிரிதான் இருக்குது, காலைல எழுந்தா அரிக்குது, சொறியப் போனா இல்ல."

அதை நான் நம்பினேன். அதுவும் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்படியானால் ஆஸ்பத்திரியில் ஏன் என்னிடம் அந்தக் கதையைச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வேற யாருகிட்ட சொல்றது? என் தப்புன்னு எழுதினா இந்த வயசுல எனக்கு யாரு வேலை குடுப்பா? அவ வயசுப் பொண்ணு, எங்கயாவது கெடைக்கும். நீ சொன்னாதான் நம்புவாங்க. நீ பொய் சொல்ல மாட்ட. அதனாலதான் இது பொய்யின்னு உங்கிட்ட சொல்லல."

எனக்காக ஒரு பொய் சொல் என்று அவர் கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றிருப்பேன், அழுதிருப்பேன், அவரோடு ஒரு மாசம் பேசாமல் இருந்திருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பதினெட்டு வருஷம் என்னைப் பார்த்து, என் திமிர் எது, என் நம்பிக்கை எது என்று அளந்து வைத்திருந்து, வேண்டிய நேரத்தில் கையை ரெண்டு தடவை வீசிக் காட்டியிருக்கிறார். மிச்ச வேலையை என் மண்டையே செய்து கொடுத்துவிட்டது. கூடப் பிறந்தவர் மாதிரி என்று நான் நினைத்த மனுஷர் என் கண்ணை என்னைக் கேட்காமல் எடுத்து உபயோகித்துவிட்டார். யூனிஸ் அக்கா டீ கொண்டு வந்தபோது நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். சர்க்கரை போதுமா என்று பாரேன் என்றார். அவருக்கு எதுவும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். இப்போதெல்லாம் யாரைப் பற்றியும் அடித்துச் சொல்ல வரவில்லை.

திங்கட்கிழமை மௌரீன் மேடத்திடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன் என்றீர்கள், இன்றைக்குப் பார்க்கவே இல்லை என்கிறீர்கள், எந்த ஆஞ்சலாவை நான் நம்புவது என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். என் மேஜைக்கு வந்து நின்று பாருங்கள் என்றேன். முடிந்துபோன ஃபைல் என்றார். ஞானசேகரன் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் தமிழில் நகரத்தான் சொன்னேன் என்று மறுபடியும் சொல்லிவிட்டார். லேபர் ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்கள் வார்த்தையை ஒரு தடவை மாற்றிவிட்டீர்கள், அதற்கு இனி பலமில்லை என்றார். அந்தப் பெண்ணே வர வேண்டும், தான் கேட்டது அழுத்து என்பதுதான், சந்தேகமே இல்லை என்று உறுதியாகச் சொல்ல வேண்டும், அப்படிச் சொன்னால் வழக்கைத் திறக்கலாம் என்றார்.

வீணா லக்கெரெயில் தங்கையோடு இருக்கிறாள் என்று விசாரித்துப் போனேன். மாடி ஏறி, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு ரூம். ஊதுபத்தியை எண்ணிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, கீழே பரப்பியிருந்ததை ஒதுக்கி உட்கார இடம் செய்தாள். நான் நினைத்துக்கொண்டு போன எந்த ஏச்சும் வரவில்லை. நடுவில் ஒரு கார்மென்ட்ஸில் சேர்ந்து மூன்று வாரத்தில் வந்துவிட்டதாக அவள் தங்கை சொன்னாள். சூப்பர்வைசர் எதைச் சொன்னாலும் மறுபடி சொல்லுங்கள், மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாள். செவிடு என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தூணைச் சொன்னேன், ஆஸ்பத்திரியைச் சொன்னேன், ஞானசேகரன் அண்ணன் வீட்டில் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். உன் காது சரியாகத்தான் கேட்டது, தப்பு என்னுடையது என்றேன். என்னை மன்னிக்க வேண்டாம், வந்து கையெழுத்து மட்டும் போடு என்றேன். நான் பேசுகிற நேரமெல்லாம் அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கன்னடத்தில்தான் பேசினாள். என் தமிழில் சொல்கிறேன்.

"மொதல்ல எனக்கு நல்லாத் தெரியும்க்கா. அழுத்துன்னுதான் கேட்டேன். நீங்க அந்த ரூம்ல சொன்னதுக்கப்புறம் வீட்டுக்கு வந்து படுத்தா, நகருன்னு கேட்டுச்சு. இப்ப ரெண்டும் கேக்குது. கொரல் ஒண்ணுதான்."

அதுதான் அவரே ஒத்துக்கொண்டாரே, உனக்கு எதற்குச் சந்தேகம் என்றேன். என்னை அறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன் வீணா என்றேன்.

"அன்னிக்கும் இப்படித்தான்க்கா சொன்னீங்க."

அவள் ஒரு பாக்கெட்டை மடித்து ஒட்டினாள். அவள் தங்கை உள்ளே வந்து, போய் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வாயேன், வேலை திரும்பக் கிடைக்குமே என்று அவளிடம் சொன்னாள். நானும் கெஞ்சினேன். ஒரு நாள்தான், ஒரு வரிதான், நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே அந்த அதிகாரி சந்தேகம் இல்லாமல் சொல்ல முடியுமா என்று கேட்பார், முடியும் என்று மட்டும் சொன்னால் போதும் என்றேன்.

வீணா கையிலிருந்த பாக்கெட்டைக் கீழே வைத்தாள். பிறகு முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"நிச்சயமாத் தெரியாதத நிச்சயம்னு எப்படிக்கா சொல்றது?"

என்னைக் குத்திக்காட்டுவதற்காக அவள் அதைக் கேட்கவில்லை. அந்த மாதிரிப் பேசத் தெரியாதவள். நிஜமாகவே அவளுக்கு வழி தெரியவில்லை, பெரியவளான என்னைக் கேட்டாள். எப்படிச் சொல்வது என்று அந்த எச்.ஆர். ரூமில் அவள் எதிரிலேயே உட்கார்ந்து நான் சொல்லிக் காட்டியிருந்தேன்.